காலுக்கு வைத்த முத்திரை

2024 மார்ச் 4, திங்கட்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.15க்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஆறு அங்குல உருக்கு அடிமட்டத்தை அந்தக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தேன். 5.35க்கு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, வலது காலை முக்காலியில் தூக்கி வைத்து, கட்டை அவிழ்த்து, பெருவிரலுக்கு நேர் கீழே உள்ளங்காலில் இருந்த புண்ணை அளந்தேன். நீளம் 14 மில்லிமீற்றர், அகலம் 11. கொப்பியில் எழுதினேன். திரும்பக் கட்டுப் போட்டேன். 5.55க்குத் தேத்தண்ணீர், சீனி இல்லாமல்.

முந்தைய வருடம் நவம்பர் 14 இரவிலிருந்து ஒவ்வொரு நாளும் இப்படித்தான். காலையில் ஓர் அளவு, மாலை ஆறரைக்கு ஓர் அளவு. அன்று காலை எடுத்ததோடு மொத்தம் 222. ஒன்றும் தவறவில்லை. புண்ணிலும் பெரிய மாற்றமில்லை. நீளம் பதின்மூன்றுக்கு இறங்கும், பதினைந்துக்கு ஏறும். கட்டம் போட்ட தாளில் கோடாகக் கீறிப் பார்த்தேன். உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி, கொஞ்சம் ஏறி இறங்கி அதே இடத்தில் நின்றது.

அன்று ஒன்பது மணிக்குப் பெரிய டொக்டரைப் பார்க்க வேண்டும். விரலை வைத்திருப்பதா எடுப்பதா என்று சொல்வதாக இருந்தார். அதனால்தான் கொப்பியையும் எடுத்துக்கொண்டேன்.

நான் துறைமுகத்தடியில் ஒரு களஞ்சியசாலையில் பொறுப்பாளர். இருபத்துமூன்று வருடமாகிறது. கப்பலில் வந்த சாமான் வெளியே போகும்வரை எங்கள் பூட்டுக்குள் இருக்கும். என்னோடு வேலை செய்பவர் கிண்ணியாக்காரர், என் வயதுதான். ஒவ்வொரு மாலையும் கதவைப் பூட்டிய பிறகு பூட்டின் மேல் ஒரு தாள் துண்டை ஒட்டுவோம். பாதி தாளிலும் பாதி கதவிலும் விழும்படி இருவரும் கையெழுத்து வைப்போம். மறுநாள் இருவரும் வந்து நின்றால்தான் அதைக் கிழிக்கலாம். ஒருவர் வரப் பிந்தினால் மற்றவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். இத்தனை வருடத்தில் நான் தனியாக ஒரு முத்திரையைத் தொட்டதில்லை.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பதினொரு வருடம். கடைசி ஐந்து வருடமாகப் படுத்தால் உள்ளங்கால் எரியும், மத்தியான வெயிலில் கடற்கரை மணலில் நிற்பது போல. எழுந்து நின்றால் பஞ்சின் மேல் நிற்பது போல இருக்கும். கால்களை ஈரத் துணியில் சுற்றிப் பார்த்தேன். சீமெந்துத் தரையில் வைத்துப் பார்த்தேன். எது எத்தனை நிமிடம் எரிவை அடக்கியது என்பதெல்லாம் வேறு கொப்பியில் இருக்கிறது. ஒன்றும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை.

இதைக் கேட்டுவிட்டுக் கிண்ணியாக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளி இருவரும் காலில் ஊற்றினோம். அவர் ஒன்றில் ஆறுதலாக நின்றார், அடுத்ததில் துள்ளினார், அதற்கடுத்ததில் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். நான் கிணற்றின் இலக்கத்தை எழுதி எதிரே என் காலுக்குப் பட்டதை எழுதினேன். ஏழுக்கும் ஒரே பதில்தான்: இளஞ்சூடு. அவர் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

“மச்சான், உன்ட காலு லீவில போயிட்டு,” என்றார்.

நான் அதைப் பகிடியாக எடுத்தேன். அது பகிடியில்லை என்பது நவம்பர் 14 அன்று தெரிந்தது. மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குள் வர, குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

“என்னங்கோ, டக் டக்கெண்டு சத்தம் கேக்குது?”

“முழங்காலாக்கும்.”

“முழங்கால் நிலத்திலையோ கிடக்குது?”

செருப்பைக் கழற்றப் போனேன். வலது செருப்பு வரவில்லை. பெட்டி அடிக்கிற ஆணி ஒன்று அடியால் ஏறி, செருப்பையும் காலையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அன்று பெட்டி உடைத்தது காலை 10.40க்கு. வீட்டுக்கு வந்தது மாலை 5.50க்கு. ஏழு மணித்தியாலமும் பத்து நிமிடமும் அந்த ஆணியோடு நடந்திருக்கிறேன். இரண்டாம் களஞ்சியத்து ஏணியிலும் மூன்று தடவை ஏறியிருக்கிறேன். மனைவிக்குத் தலை சுற்றியது. எனக்கு ஒரு நோவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்து, ஊசி போட்டு, கிழமைக்கு இரண்டு நாள் வந்து மருந்து கட்டச் சொன்னார்கள். ஒழுங்காகப் போனேன். இடையில் எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது கிண்ணியாக்காரரின் தேன் ஒன்றுதான். மூதூர்ப் பக்கக் காட்டுத் தேன், அவருடைய மச்சினன் கொண்டுவந்தது. நாலு நாள் பூசினேன். நாலாம் நாள் காலையில் கட்டிலில் 43 எறும்பு. மனைவி தன் தலையணையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். அத்தோடு தேனை நிறுத்தினேன்.

ஆனால் அளப்பதை நிறுத்தவில்லை. கிளினிக்கில் கட்டி விடுவார்கள். நான் வீட்டில் அவிழ்த்து, அளந்து, அவர்கள் கட்டியது போலவே சுற்றுக்குச் சுற்று திரும்பக் கட்டுவேன். பிளாஸ்டரைக்கூட அதே சரிவில் ஒட்டுவேன். அவர்களுக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மார்ச் 4க்கு வருகிறேன். மனைவியும் என்னோடு வந்தாள். கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் புல்மோட்டைக்காரர் ஒருவர் இருந்தார், கடற்தொழில் செய்தவர். ஒற்றைச் செருப்போடு வந்திருந்தார். மற்றச் செருப்பை எங்கே விட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்த பிறகுதான் கீழே பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

“மற்றச் செருப்புக்கு இப்ப வேலையில்ல ஐயா,” என்றார். “முதல்ல விரல் மட்டும்தான் எண்டாங்க.”

அவர் அதை மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

பெரிய டொக்டர் சிங்களவர். தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார். வீணாக ஒரு சொல் வராது. புண்ணைக் குனிந்து பார்த்தார், ஒரு கம்பியால் தொட்டார், பழைய கிளினிக் துண்டுகளை வாசித்தார்.

“நாலு கிழமை,” என்றார். “சின்னதா வந்தா சரி. வரல்ல எண்டா இந்த விரல் எடுக்கிறது. விட்டா எலும்புக்குப் போகும்.”

நான் கவனமாக இருப்பவன் என்பதை அவர் அறிய வேண்டும் என்று நினைத்தேன். கவனமாக இருக்கிற ஒருவருடைய விரலை எடுக்க யோசிப்பார் அல்லவா. கொப்பியை நீட்டினேன். அவர் ஐந்தாறு பக்கம் புரட்டினார். மிக நல்லா எழுதியிருக்கு என்று சொல்லி, அதை மருந்து கட்டுகிற மிஸ்ஸியிடம் கொடுக்கச் சொன்னார். எனக்குச் சந்தோசம்.

மிஸ்ஸிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மருந்து கட்டும் அறையில் நின்றபடியே கொப்பியை வாசித்தாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. பிறகு மேசையில் வைத்தாள்.

“ஐயா, இதெல்லாம் எங்கை வைச்சு அளந்தது?”

“வீட்டில்.”

“கட்டை அவிட்டோ?”

“அவிழ்க்காமல் எப்படி அளக்கிறது?”

“இருநூற்றி இருபத்திரண்டு தரம்?”

ஓம் என்றேன். கட்டு நனையக் கூடாது என்றுதான் எனக்குச் சொன்னார்கள், நனைக்கவில்லை. அவிழ்க்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் எடுத்துக் காட்டினேன். அடிமட்டத்தை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்ததையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு கொஞ்சமும் சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்:

“முளைக்கிற தோலை ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் நீங்களே உரிச்சுப்போட்டு, ஏன் முளைக்கேல்லை எண்டு அளந்திருக்கிறீங்கள்.”

நான் என் காலைப் பார்த்தேன். நூற்றுப் பதினொரு நாளாக அந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்த ஆள் யார் என்பதற்கு, திகதியும் நேரமும் போட்டு, என் கையெழுத்திலேயே சாட்சி மேசையில் கிடந்தது.

அவள் புண்ணைத் துப்புரவாக்கினாள். விரலுக்குக் கீழே பாரம் விழாமல் நடுவில் ஓட்டை வெட்டிய தடித்த கம்பளித் துண்டை வைத்தாள். வியாழன் தானே அவிழ்ப்பாள், அதுவரை ஒருவரும் தொடக்கூடாது, நடப்பதையும் மிகக் குறைக்க வேண்டும் என்றாள். நான் சரி என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலும். என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன்.

“அந்தக் கதவை நினைச்ச நேரம் திறந்து பாப்பீங்களோ?”

“ஏலாது. முத்திரை இருக்கும்.”

என்ன முத்திரை என்று கேட்டாள். தாள் ஒட்டுவது, பாதியும் பாதியுமாகக் கையெழுத்து வைப்பது, இருவர் வேண்டும் என்பது எல்லாவற்றையும் விளக்கினேன். எனக்குத் தெரிந்த விசயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே விளக்கிவிட்டேன். அவள் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தாள். கட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டரில் திகதியை எழுதி, பாதி பிளாஸ்டரிலும் பாதி கட்டுத் துணியிலும் விழும்படி கையெழுத்து வைத்தாள்.

“மற்றக் கையெழுத்து?” என்றாள்.

வெளியே இருந்த மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவள் அல்ல. இது எதற்கென்று கேட்டாள். வியாழன் வரை இவர் இதைத் திறக்கக்கூடாது என்பதற்கு என்றாள் மிஸ்ஸி. மனைவி பேனையை வாங்கி, முழுப்பெயரையும் எழுதினாள். அது பிளாஸ்டரில் தொடங்கிக் கணுக்கால் வரை போனது.

“கலியாண எழுத்துக்குப் பிறகு நான் சந்தோசமா வைச்ச கையெழுத்து இதுதான்,” என்றாள்.

மிஸ்ஸி இரவில் எரிவுக்கு ஒரு குளிசையும் தரச் செய்தாள். தினமும் விடிய, கட்டிலை விட்டு இறங்க முன் புண்ணில்லாத காலை, உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம், கண்ணாடி பிடித்துப் பார்க்கச் சொன்னாள். எதையாவது பார்த்து எழுதாவிட்டால் ஏலாது என்றால் அதை எழுதுங்கோ என்றாள்.

அன்று மாலை ஆறரைக்கு வழக்கம் போலக் கதிரையில் உட்கார்ந்தேன். அடிமட்டம் மேசையில் இருந்தது. அளக்க ஒன்றும் இல்லை. கொப்பியில் “முத்திரை சேதமில்லை” என்று எழுதினேன். எழுதிய பிறகும் ஆறேமுக்கால் வரை அங்கேயே இருந்தேன். களஞ்சியத்தைப் பூட்டினால் உள்ளே எலி ஓடுவதாவது கேட்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. நோவும் இல்லை. உள்ளே விரல் தப்பிக்கிறதா, அழுகுகிறதா என்று எனக்குச் சொல்ல ஒருவருமில்லை. புல்மோட்டைக்காரரின் ஒற்றைச் செருப்பு நினைவில் வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, பிளாஸ்டரைத் தொடாமலே பார்க்க வழியிருக்கிறதா என்று டோர்ச் வெளிச்சத்தைக் கட்டின் விளிம்பால் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவள் டோர்ச்சை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அடிமட்டத்தையும் வைத்தாள்.

வேலைத்தலத்தில் நடக்கக்கூடாது என்பது பெரிய சிக்கலாக இருந்தது. மூன்று களஞ்சியத்தையும் சுற்றிப் பார்க்காமல் இருப்பை எழுத முடியாது. கிண்ணியாக்காரர் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு வெறுஞ்சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்துத் தள்ளினார். நான் காலை நீட்டியபடி இருபக்கமும் மூட்டை எண்ணிக்கொண்டு போனேன். திரும்புகிற இடங்களில் அவர் வேலையாட்களுக்குக் கேட்கிற மாதிரி, “விலகுங்க, உடையிற சாமான் வருது,” என்பார். முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் எண்ணிக்கை வழக்கத்தைவிடப் பதினொரு நிமிடம் முந்தி முடிந்ததைக் கண்டேன்.

புதன்கிழமை பிற்பகல் அவர் ஒரு கையால் தள்ளிக்கொண்டு மறு கையில் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்திருந்தார். இரண்டாம் களஞ்சியத்து வாசற்படியில் சில்லு ஏறியது. தேத்தண்ணீர் கட்டின் மேல் விழுந்தது. மனைவியின் பெயர் தப்பியது. மிஸ்ஸியின் கையெழுத்து நீலமாகக் கரைந்து ஓடியது.

எங்கள் ஒழுங்குப்படி முத்திரை கலங்கினால் அதே நாளில் அறிக்கை எழுதிச் சாட்சியின் ஒப்பம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கள்ளமாகத் திறந்ததென்றுதான் கணக்கு. காகிதம் எடுத்தேன்.

“என்ட தேத்தண்ணி எண்டு எழுத வேணாம் மச்சான்,” என்றார் அவர்.

“வேறு ஆருடைய தேத்தண்ணி?”

“சும்மா தேத்தண்ணி எண்டு எழுது. ஊரில தேத்தண்ணி இல்லையா?”

எழுதியதன் பிரதி என்னிடம் இருக்கிறது: “06.03.2024 பிற்பகல் 3.20க்கு இரண்டாம் களஞ்சிய வாசலில், மேற்படி கட்டின் மேலுள்ள முத்திரையின் முதலாம் கையொப்பம், வெளியிலிருந்து விழுந்த தேத்தண்ணீரால் (சீனி சேர்த்தது) கலங்கியுள்ளது. இரண்டாம் கையொப்பம் சேதமின்றி உள்ளது. கட்டு அவிழ்க்கப்படவில்லை. உள்ளிருக்கும் விரலின் நிலை பற்றி எதுவும் தெரியாது.” அவர் சாட்சியாக ஒப்பமிட்டார். சீனி சேர்த்தது என்பதை வெட்டச் சொன்னார். அது உண்மை என்பதால் நான் வெட்டவில்லை.

வியாழன் காலை மிஸ்ஸி அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பக்கத்து மேசை மிஸ்ஸியையும் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தாள். பிறகு, கட்டு நனைந்தால் அந்த நிமிடமே வரவேண்டும், அறிக்கை எழுதிக்கொண்டிருக்கக்கூடாது என்று ஏசினாள். அவள் ஏசியது சரிதான். நல்லவேளையாக ஈரம் மேல் இரண்டு சுற்றோடு நின்றிருந்தது.

மனைவியையும் அருகில் நிற்க வைத்து அவிழ்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“இஞ்சை பாருங்கோ,” என்றாள்.

புண்ணின் ஓரத்தைச் சுற்றி, வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லியதாக, வெளிறிய ஒரு கோடு. 222 தடவை பார்த்தும் நான் ஒரு நாளும் காணாதது. ஒவ்வொரு நாளும் அது வந்திருக்கும்; ஒவ்வொரு நாளும் துணியோடு உரிந்து போயிருக்கும். அவள் தன்னுடைய காகித அளவுகோலை வைத்துச் சொன்னாள்: நீளம் 12, அகலம் 10. நான் எழுதினேன். அந்த 12 மற்ற இலக்கங்களைப் போல நேராக இல்லை.

பிறகு ஒவ்வொரு திங்களும் வியாழனும் முத்திரை வைத்தார்கள், முத்திரை உடைத்தார்கள். நான் தள்ளுவண்டியில் போனேன். கிண்ணியாக்காரர் தேத்தண்ணீரை வெளியே வைத்துக் குடித்துவிட்டு வந்தார். இரவு எரிவும் குளிசையால் முழுதாகப் போகவில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை வந்தது, பிறகு நாலு. ஒரு வியாழனில் புண் ஒரு மில்லிமீற்றர்கூடக் குறையவில்லை. அடுத்த திங்கள் வரை நாலு நாளும் நான் வீட்டில் ஒருவரோடும் சரியாகக் கதைக்கவில்லை என்று மனைவி சொல்கிறாள். அது கொப்பியில் இல்லை.

ஏப்ரல் முதலாம் திகதி, திங்கட்கிழமை, 9.25க்குப் பெரிய டொக்டர் கூப்பிட்டார். நீளம் 4, அகலம் 3. கம்பியால் தொட்டுப் பார்த்தார். காலைத் திருப்பிப் பார்த்தார். அன்று காலில் எடுத்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு அது மிக நீண்ட நேரமாகத் தெரிந்தது. சுவர் மணிக்கூட்டின்படி ஆறு நிமிடம்.

“விரல் இருக்கட்டும்,” என்றார்.

மருந்து கட்டும் அறையில் மிஸ்ஸி கட்டி முடித்துவிட்டு, இனி நீங்கள் தொடமாட்டீங்கள்தானே, முத்திரை வேணுமோ என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் மனைவி பேனையை எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை. 5.10க்கு விழித்தேன். கட்டிலை விட்டு இறங்கவில்லை. மனைவியின் கைக்கண்ணாடியை வாங்கி இடது உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்த்தேன். சிவப்பு இல்லை, வெடிப்பு இல்லை. வலது காலில், கட்டுக்கு வெளியே பெருவிரலின் நுனி கொஞ்சம் தெரிந்தது. அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.